மாத்திரை மீஞ்சூர் வரை வரட்டும்

வலிப்பு நோய்க்கு மருந்து உண்டு. விலையும் குறைவு. பிறகு ஏன் வடசென்னைத் தொழில் பகுதியில் சிகிச்சை பாதியிலேயே அறுந்துபோகிறது?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு விடியற்காலையில் போகும் மின்சார ரயிலில், மீஞ்சூரில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, கசங்கிய பிளாஸ்டிக் கவரில் பழைய ஓ.பி. சீட்டுகளையும் ஸ்கேன் படத்தையும் சுருட்டி வைத்துக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அரசுப் பொது மருத்துவமனையான ஜி.ஹெச்.சுக்கோ போகிறவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வலிப்பு நோய்க்கு மாத்திரை வாங்கப் போகிறவர்கள்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் சீட்டுப் பதிவு வரிசை. பிறகு நியூரோ ஓ.பி. வரிசை. டாக்டர் பார்க்கும் நேரம் சில நிமிடங்கள். அதன் பிறகு மருந்து கொடுக்கும் ஜன்னலில் இன்னொரு வரிசை. ஊர் திரும்பும்போது மதியம் தாண்டியிருக்கும். அத்திப்பட்டிலோ எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவருக்கு அன்றைய கூலி கிடையாது. துணைக்கு வந்த மனைவியோ அம்மாவோ கூலி வேலை பார்ப்பவரென்றால் அந்த நாளும் போச்சு. மாத்திரை இலவசம்தான், ஆனால் அதை வாங்கிவர வீட்டுக்கு இரண்டு பேர் கூலி செலவாகிறது.

முதல் மாதம் போவார்கள். இரண்டாம் மாதமும் போவார்கள். மூன்றாம் மாதம், "இப்பதான் நல்லாருக்கானே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை வரும். அடுத்த வாரத்துக்குள் மாத்திரை தீர்ந்திருக்கும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், முன்பு வந்ததைவிடக் கடுமையாக, நினைவே திரும்பாமல் தொடர்ந்து வலிப்பு வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். வலிப்பு நோயில் ஏழைகளைத் தோற்கடிப்பது பெரும்பாலும் நோயின் கடுமை கிடையாது, மாத்திரைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தூரம். அந்தத் தூரத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

நூறாண்டு தாண்டிய மருந்து

ஃபீனோபார்பிடோன் என்ற மருந்து வலிப்பைக் கட்டுப்படுத்தும் என்று ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற மருத்துவர் 1912-ல் கண்டறிந்தார். ஃபெனிட்டாயின் வலிப்பை அடக்கும் என்று அமெரிக்காவில் மெரிட், புட்னம் இருவரும் காட்டியது 1938-ல். அதன்பின் கார்பமாஸெபின், வால்ப்ரோயேட், லெவெட்டிராசெட்டம் என்று வரிசையாகப் பல மருந்துகள் வந்துவிட்டன. தகுந்த மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். மிக ஏழை நாடுகளிலோ நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை.

இந்தியாவில் நடந்த பல கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் பேருக்கு ஐந்து பேர் என்ற அளவில் வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் கௌரி தேவி குழுவினர் வீடுவீடாக நடத்திய ஆய்வில் நகரத்தில் ஆயிரத்துக்கு 5.7, கிராமத்தில் 11.9. இரண்டு மடங்கு! ஆயிரத்துக்கு ஐந்து என்ற குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டாலும், முப்பதாயிரம் பேர் வாழும் ஒரு பேரூரில் நூற்றைம்பது பேர் இருக்க வேண்டும். மீஞ்சூர் அந்த அளவு ஊர்தான். உங்கள் தெருவில் அப்படி யாரையும் தெரியாது என்றால், இல்லை என்று பொருளில்லை. மறைத்து வைத்திருக்கிறார்கள்.

யெலந்தூரில் ஒரு முதியவர் காட்டிய வழி

கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்டத்தில் யெலந்தூர் என்றொரு சிறிய தாலுகா. பெங்களூரின் மூத்த நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணி, பெயர் பெற்ற நிபுணராக நகரத்திலேயே இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் அவரும் அவர் குழுவும் அந்தக் கிராமங்களுக்குப் போனார்கள். வீடுவீடாக விசாரித்து வலிப்பு உள்ளவர்களைக் கண்டுபிடித்தார்கள். எம்.ஆர்.ஐ. வேண்டும், வீடியோ இ.இ.ஜி. வேண்டும் என்று காத்திருக்கவில்லை. மிக மலிவான இரண்டு மருந்துகளை, அதாவது ஃபீனோபார்பிடோனையும் ஃபெனிட்டாயினையும், ஊருக்கே கொண்டுபோய்க் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் வந்திருந்தது.

சீனாவில் இதையே இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். கிராமப்புறத்தில் சிறப்புப் பட்டம் இல்லாத உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 2,455 பேருக்கு ஃபீனோபார்பிடோன் கொடுத்தார்கள். ஓராண்டை முடித்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு வலிப்பு பாதியளவாவது குறைந்தது. அதில் பலருக்கு வலிப்பே நின்றுபோனது. 2006-ல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நியூராலஜிஸ்ட் இல்லாத ஊரில் வலிப்புக்கு வைத்தியம் இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது பழக்கத்தால் சொல்வது. முதல் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்து எம்.பி.பி.எஸ். மருத்துவரே எழுதலாம். கட்டுப்படாதவர்களையும், கட்டி, ரத்தக்கசிவு போன்ற சந்தேகம் உள்ளவர்களையும் ஸ்டான்லிக்கு அனுப்பினால் போதும். அப்போது ஸ்டான்லி வரிசையும் குறையும். உண்மையிலேயே நிபுணர் தேவைப்படுகிறவருக்கு நிபுணரின் நேரமும் கிடைக்கும்.

பஞ்சாபில் லூதியானாவில் நரம்பியல் மருத்துவர் ககன்தீப் சிங் குழுவினர் இன்னொரு படி மேலே போனார்கள். சுகாதாரப் பணியாளர் நோயாளியின் வீட்டுக்கே போய், மாத்திரை கொடுத்து, சாப்பிட்டாரா என்று பார்த்து, குடும்பத்தோடு பேசினால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். கிளினிக்குக்கு வரச் சொல்லப்பட்டவர்களைவிட, வீடு தேடிப் போய்ப் பார்க்கப்பட்டவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.

வேலூரில் கண்ட புழு

வலிப்பு எதனால் வருகிறது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே கிடைத்த ஒரு விடை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 1980-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பல இளம் வலிப்பு நோயாளிகளின் மூளை ஸ்கேனில் ஒரே ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்து இந்தியா முழுக்க மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்ட மருத்துவர்கள் அந்தப் புள்ளிகளைச் சிலரிடம் எடுத்துப் பரிசோதித்தார்கள். உள்ளே இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம். 1989-ல் லான்செட்டில் அது வெளியானது. எத்தனையோ பிள்ளைகள் தேவையில்லாத டி.பி. மருந்திலிருந்து தப்பித்தார்கள்.

பிறகு வேலூர் மாவட்டத்தில் வீடுவீடாகப் பார்த்தபோது ஆயிரத்துக்கு 3.83 பேருக்கு அப்போதும் வலிப்பு வந்துகொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. 2006-ல் வந்த கணக்கு இது.

இதில் ஒரு தவறான எண்ணத்தைத் தெளிவாக்க வேண்டும். "நாங்க பன்னிக்கறியே சாப்பிடறதில்ல, எங்களுக்கு எப்படி வரும்?" என்று கேட்பார்கள். பன்றிக்கறி சரியாக வேகாமல் சாப்பிட்டவருக்கு வயிற்றில் நாடாப்புழு வரும். அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாக, கழுவாத கொத்தமல்லி வழியாக, அசுத்தமான தண்ணீர் வழியாக இன்னொருவர் வாய்க்குள் போனால், அதிலிருந்து வரும் இளம்புழு மூளைக்குப் போய்த் தங்கக்கூடும். சுத்த சைவக்காரருக்கும் வரும். ஆகவே நல்ல கழிப்பறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் வலிப்புத் தடுப்பு மருத்துவம்தான். வெளி மாநிலத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகையில் நெருக்கியடித்துத் தங்கியிருக்கும் துறைமுகப் பகுதியில் இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்று இருந்தால், அதன் விலையை அந்தத் தொழிலாளர் மட்டும் கொடுப்பதில்லை, அவருக்குச் சோறு போடும் மெஸ்ஸும் அங்கே சாப்பிடும் எல்லோரும் கொடுக்கிறார்கள்.

பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், ஹெல்மெட் போடாமல் விழுந்து தலையில் அடி: இவையெல்லாம் மற்ற காரணங்கள். கன்டெய்னர் லாரிகள் விடாமல் ஓடும் திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டி சாலையில் பைக்கில் போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணத்தைத் தனியாக விளக்கத் தேவையில்லை. உலகில் வலிப்பு நோயில் நான்கில் ஒரு பங்கு வராமலே தடுத்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பலருக்குக் காரணமே தெரிவதில்லை என்பதும் உண்மை.

இன்னொன்று நம் தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவது. தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வரும். குறிப்பாகக் கர்நாடகத்தில் இது அதிகம் பதிவாகியிருக்கிறது, கே.எஸ். மணி இதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எண்ணெய்க் குளியல் அன்று "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று பயந்து மந்திரிக்க ஓடும் குடும்பங்கள், தண்ணீரின் சூட்டைக் குறைத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நைட் ஷிஃப்டும் டபுள் டூட்டியும்

வடசென்னைத் தொழில் பகுதியின் வாழ்க்கையே வலிப்பைத் தூண்டும் விதமாக அமைந்திருக்கிறது. அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், அவற்றைச் சுற்றிய கிடங்குகள், லாரி நிறுத்தங்கள். எங்கும் ஷிஃப்ட். வலிப்பு நோயாளிக்குத் தூக்கம் கெடுவது மிகப் பெரிய தூண்டுகோல். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, ஆள் வரவில்லையென்றால் டபுள் டூட்டி என்று ஓடுகிற உடம்பில் மாத்திரை சாப்பிடும் நேரமும் குழம்பிவிடும். அதோடு குடி சேர்ந்தால் இன்னும் மோசம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்திய ஓரிரு நாளில் வலிப்பு வருவது வேறு வகை. அதற்குச் சிகிச்சையும் வேறு. அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னால்தான் சரியான வைத்தியம் நடக்கும்.

வேலை விஷயத்தில் நேர்மையாக இரண்டு பக்கமும் பேச வேண்டும். கிரேன் ஓட்டுவது, உயரத்தில் ஏறி வெல்டிங் செய்வது, உலை அருகில் நிற்பது, தனியாகக் கடலுக்குப் போவது ஆகியவை வலிப்பு கட்டுப்படாதவருக்கு ஆபத்தானவை. இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கான விண்ணப்பத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. உண்டு என்றால் உரிமம் கிடையாது. பிரிட்டனில் ஓராண்டு வலிப்பே வராமல் இருந்தவர் மீண்டும் கார் ஓட்டலாம். இங்கே அப்படி ஒரு வழி இல்லாததால் நடப்பது என்ன? டிரைவர் நோயை மறைக்கிறார். மறைப்பதால் பகலில் மாத்திரையை வெளியே எடுக்க முடிவதில்லை. மாத்திரை தவறினால் வண்டியில் வலிப்பு. சட்டம் தடுக்க நினைத்த விபத்தைச் சட்டமே கொண்டுவருகிறது. கால அளவு வைத்து உரிமம் தருவதைப் பற்றி நாம் பேசத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, வலிப்பு வந்த அன்றே "நாளையிலேர்ந்து வராதே" என்று மேஸ்திரி சொல்லிவிடும் நிலைதான் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு. இப்படிப்பட்டவர்களைத் தரைமட்ட வேலைக்கும் பகல் ஷிஃப்டுக்கும் மாற்றினாலே பலர் வாழ்நாள் முழுக்க நன்றாக உழைப்பார்கள்.

கல்யாணம் என்ற முடிச்சு

1976-ல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவருடைய திருமணம் செல்லாது என்று வாதாட வழி செய்யும் ஒரு சொல்லை உள்ளே சேர்த்துவிட்டார்கள். பைத்தியத்தோடு வலிப்பையும் ஒரே வரியில் வைத்தது அந்தச் சட்டம். அதை எதிர்த்து இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் நெடுங்காலம் போராடியது. 1999-ல் திருமணச் சட்டத் திருத்தம் வந்து அந்தச் சொல் நீக்கப்பட்டது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போனது வீடுகளிலிருந்து போகவில்லை.

பெண்பிள்ளைக்கு வலிப்பு என்றால் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல மாட்டார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை வேறு. புகுந்த வீட்டுக்குப் போகும்போது அம்மா, "மாத்திரையை அங்க எடுத்துட்டுப் போவாத கண்ணு, மாமியார் பாத்துடுவாங்க" என்பார். கல்யாண வேலையில் தூக்கமில்லை, மாத்திரையும் இல்லை. முதல் வாரத்திலேயே வலிப்பு வந்துவிடும். பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்ற பழி. இப்படித் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசாமல் வலிப்பு சிகிச்சையைப் பற்றிப் பேச முடியாது.

கர்ப்பத்தைப் பற்றிய பயமும் இதோடு சேர்ந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனத்தில் மருத்துவர் சஞ்ஜீவ் தாமஸ் 1998-ல் தொடங்கிய பதிவேடு, வலிப்பு உள்ள தாய்மார்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது. ஆனால் வால்ப்ரோயேட் மருந்து வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கெடுதல் செய்யும் வாய்ப்பு அதிகம். அதனால் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு, கருத்தரிப்பதற்கு முன்பே மருந்தை மாற்ற வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தொடங்க வேண்டும். கர்ப்பம் தெரிந்த பிறகு பயந்துபோய்த் தானாகவே மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் இன்னும் பெரிய ஆபத்து. கிராமச் சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போதே "ஃபிட்ஸ் எப்பவாவது வந்திருக்காம்மா?" என்று தனியாக, மாமியார் இல்லாத இடத்தில், ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவோ தவிர்க்கலாம்.

சாவிக்கொத்தை விடுங்கள்

ரயில்வே ஸ்டேஷனிலோ பஸ் ஸ்டாண்டிலோ ஒருவர் விழுந்து கைகால் உதறினால், கூட்டம் முதலில் தேடுவது இரும்பு. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். பற்களுக்கு நடுவே ஸ்பூனை விடுவார்கள். நாலு பேர் கைகாலை அழுத்திப் பிடிப்பார்கள். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்கும். அதனால்தான் இரும்பு வேலை செய்தது போலத் தெரிகிறது. ஸ்பூனால் பல் உடையும். அழுத்திப் பிடித்தால் எலும்பு முறியும்.

செய்ய வேண்டியது: பக்கத்தில் உள்ள கல், கம்பி, அடுப்பை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் துண்டோ பையோ வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள். கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ, கர்ப்பிணி என்றாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

பையில் இன்னொரு பட்டை

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கும் முறை இன்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. 1995-லிருந்து செயல்படும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. வலிப்பு மருந்துகளும் அதில் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வலிப்பு நோயாளிகளையும் பார்க்கிறார்கள். மருந்து இருக்கிறது, ஆள் இருக்கிறார், பை இருக்கிறது. நிபுணர் ஒருமுறை எழுதிக் கொடுத்து, நோய் நிதானப்பட்ட வலிப்பு நோயாளியின் மாத்திரைப் பட்டையை அதே பையில் வைப்பதுதான் பாக்கி.

தடைகளும் உண்டு. ஃபீனோபார்பிடோன் 1971-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்தின்படி கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. இருப்புக் கணக்கு கறாராக இருக்க வேண்டும். அதைச் செவிலியர் பொறுப்பில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்து, மற்ற மருந்துகளை வீட்டுக்கு அனுப்பலாம். ஒரு கம்பெனி மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாறுவதும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதைக் கவனிக்க ஆள் வேண்டும். சந்தேகம் வந்தால் மீஞ்சூர் மருத்துவர் ஸ்டான்லி நரம்பியல் துறையிடம் வீடியோவில் கேட்கும் ஏற்பாடு வேண்டும். உலக சுகாதார சபை 2022 முதல் 2031 வரையிலான செயல்திட்டத்தில் வலிப்பு சிகிச்சையின் பரப்பை எல்லா நாடுகளும் பாதியளவு கூட்ட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கு மீஞ்சூரில் நிறைவேறுமா என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சின்ன ஏற்பாடுகள்தான்.

நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம். அன்று முகாம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிறவர்கள் பெயரை எழுதி வைத்து, டிசம்பர் மாத மாத்திரை யார் மூலம் போகும் என்பதை அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

நோயாளி குடும்பத்துக்கும் ஒன்று. அடுத்த முறை வலிப்பு வரும்போது, ஒருவர் அவரைப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பதை டாக்டர் நேரில் பார்ப்பது அரிது. அந்த ஒரு நிமிட வீடியோ பல நேரம் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். கூடவே ஒரு நாட்காட்டியில் வலிப்பு வந்த தேதி, மாத்திரை தவறிய தேதி, நைட் ஷிஃப்ட் போன தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள்.